தொண்டைக்குள் நிற்கும் வார்த்தை

சென்ற மாதத்தில் ஒரு நாள் நம் தாயாருக்கு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, இரவு முழுவதும் தூக்கமில்லாமல் அவஸ்தைப்பட்டார். மறுநாள் காலையில் வைத்தியரிடம் அழைத்துப் போனோம். அவர் நல்ல மனிதர். பரிசோதித்துப் பார்த்துவிட்டு, "அலர்ஜிதான், ஸார். பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து வண்டியில் ஏறியதும் தாயார், "டாக்டர் என்னவாம் சொன்னார்?" என்று கேட்டார்.

"அலர்ஜி என்றார், அம்மா."

"அதுதான் என் காதிலும் விழுந்ததே! அலர்ஜி என்றால் என்னடா?"

நேயர்களே, இருபது வருஷ காலமாகப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறவர் நாம். அலர்ஜி என்றால் என்ன என்பதைப் பற்றி இங்கிலீஷில் அரைமணி நேரம் பிரசங்கம் செய்யச் சொன்னாலும் செய்துவிடுவோம். அதற்குத் தமிழ் வார்த்தை இருக்கிறது என்பதும் நமக்கு நன்றாகத் தெரியும். அது தொண்டை வரையில் வந்தும் விட்டது. 'ஒ' என்ற எழுத்தில் ஆரம்பிக்கிறது, 'மை' என்று முடிகிறது, நாலெழுத்து வார்த்தை என்பதெல்லாம் கூடத் தெரிந்தது. ஆனால் வார்த்தை மட்டும் வெளியே வர மறுத்தது. அதற்குப் பதிலாக 'ஒற்றுமை' என்ற சொல் ஓடி வந்து நாக்கில் உட்கார்ந்து கொண்டது! உடம்பில் தடிப்பு உண்டாவதற்கும் ஒற்றுமைக்கும் என்ன சம்பந்தம்?

நாம் தவிப்பதைப் பார்த்த தாயார், "ஏதோ தின்றது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார். அவ்வளவுதானே? இதைச் சொல்வதற்கு இத்தனை நேரமா?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டார்.

வீட்டு வாசலில் இறங்கிச் செருப்பைக் கழற்றும்போது, கூப்பிடாமலே அந்த வார்த்தை வந்து நின்றது: 'ஒவ்வாமை'. வந்து என்ன பயன்? ஒத்துக்கொள்ளாததுதான் ஒவ்வாமை. எழுதப் படிக்கத் தெரியாத கிழவி அந்தக் கருத்தைக் கையில் பிடித்துக் கொடுத்த பிறகு, அகராதி வார்த்தை சாவகாசமாக வந்து சேர்ந்தது.

இரண்டு பாஷைகள் தெரிந்தவர்களுக்கெல்லாம் இந்த அனுபவம் உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்பதே இந்த வாரத்து விஷயம்.

இரண்டு பாஷை தெரிந்தவனுடைய தலைக்குள் இரட்டை அகராதி ஒன்று இருக்கிறது, இடது பக்கத்தில் இங்கிலீஷ் வார்த்தை, வலது பக்கத்தில் அதற்கு நேரான தமிழ் வார்த்தை, மொழிபெயர்ப்பது என்றால் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்குப் பார்வையைத் திருப்புவதுதான் என்று பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். நாமும் வெகு காலம் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் 'ரைஸ்' என்ற சின்ன வார்த்தையை எடுத்துக் கொள்ளுங்கள். அது வயலில் நின்றால் நமக்கு நெல். கடையில் வாங்கினால் அரிசி. இலையில் பரிமாறினால் சோறு. 'அங்கிள்' வந்தார் என்றால் வந்தவர் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா? யாருக்கு அண்ணன், யாருக்குத் தம்பி, எந்த அத்தையை மணந்தவர் என்று விசாரித்த பிறகல்லவா தமிழில் வாய் திறக்க முடியும்? இங்கிலீஷ்க்காரர்கள் புடவைக்கும் பூவுக்கும் பொட்டுக்கும் ஒரே வினைச்சொல்லைப் பிரயோகித்துவிட்டுப் போகிறார்கள். நாமோ புடவையைக் கட்டிக் கொள்கிறோம், பூவை வைத்துக் கொள்கிறோம், பொட்டை இட்டுக் கொள்கிறோம்.

ஆகையால், ஒரு வார்த்தையிலிருந்து மற்றொரு வார்த்தைக்கு நேரே தாண்டிவிட முடிவதில்லை. முதல் வார்த்தையை விட்டிறங்கி, அது குறிக்கும் பொருளிடம் போய், அந்தப் பொருளிலிருந்து மறுபடியும் இன்னொரு பாஷையின் படியேறி வரவேண்டியிருக்கிறது. நடுவிலே இருக்கும் அந்தப் பொருளுக்கு எந்தப் பாஷையும் சொந்தமல்ல. நம் தாயார் 'அலர்ஜி'யைத் தெரிந்து கொள்ளாமலே அதன் பொருளைப் பிடித்துவிட்டார். நாமோ பொருளைப் பிடித்துக் கொண்டே வார்த்தைக்காகத் தவித்தோம்.

பொருள் வேறு, அதன் ஒலி வேறு. மனம் முதலில் பொருளை எடுத்து, பின்னரே அதற்குரிய ஒலியைத் தேடுகிறது என்பதற்கு நல்ல சாட்சியம் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரோஜர் பிரௌன், டேவிட் மக்நீல் என்ற இருவர் ஒரு பரீட்சை செய்தார்கள். அதிகமாக வழங்காத வார்த்தைகளின் அர்த்தத்தை மட்டும் மாணவர்களுக்குப் படித்துக் காட்டி, வார்த்தை என்னவென்று கேட்டார்கள். கடலில் கப்பலோட்டிகள் வானத்துக் கோளங்களின் உயரத்தை அளக்கும் கருவியின் பெயர் அவற்றுள் ஒன்று. சில மாணவர்களுக்கு வார்த்தை உடனே வந்தது. சிலருக்கு வரவே இல்லை. இன்னும் சிலர் நம்மைப் போல் இரண்டுங்கெட்டான் நிலையில் அகப்பட்டுக் கொண்டார்கள். இவர்களில் பலருக்கு வார்த்தையின் முதலெழுத்தும், அதற்கு எத்தனை அசை என்பதும் தெரிந்திருந்தன. ஒலியில் ஒத்திருக்கும் வேறு வார்த்தைகளும் வந்து வந்து போயின. நமக்கு 'ஒற்றுமை' வந்த ரகசியம் இதுதான். ஆக, நம்மைப் பரிகசித்த நேயர்கள் இனிப் பரிகசிக்க வேண்டாம்!

ஒரே பாஷைக்குள்ளேயே இப்படியென்றால், இரண்டு பாஷைகள் குடியிருக்கும் வீட்டிலே கேட்க வேண்டுமா? ஒன்று பேசும்போது மற்றொன்று தூங்குகிறது என்று நினைக்கிறோமே, அதுவும் சரியல்ல. 1999-ஆம் ஆண்டில் ஸ்பைவி, மரியன் என்ற ஆராய்ச்சியாளர்கள் ருஷ்ய பாஷையும் இங்கிலீஷும் அறிந்தவர்களை ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார வைத்து, அவர்களுடைய கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். மேஜைமேல் சில சாமான்கள்; அவற்றில் ஒன்று தபால் தலை, இன்னொன்று 'மார்க்கர்' என்று இங்கிலீஷில் சொல்கிற தடித்த பேனா. ருஷ்ய பாஷையில் தபால் தலைக்கு 'மார்க்கா' என்று பெயர். "தபால் தலையை எடு" என்று ருஷ்ய பாஷையில் சொன்னதும், அவர்கள் சரியாகத் தபால் தலையையே எடுத்தார்கள். ஆனால் அதற்குள்ளே கண் ஒரு கணம் பேனாவின் பக்கம் ஓடிவிட்டுத் திரும்பியது! அங்கே இங்கிலீஷில் ஒருவரும் பேசவில்லை. இருந்தாலும் 'மார்க்' என்ற ஒலி கேட்ட மாத்திரத்தில் இங்கிலீஷ் அறைக் கதவும் கொஞ்சம் திறந்து கொண்டுவிட்டது.

இரண்டு பாஷைகளும் எப்பொழுதும் விழித்துக் கொண்டிருந்தால், ஒன்று பேச மற்றொன்றை அடக்கித்தானே ஆகவேண்டும்? அதே 1999-ஆம் ஆண்டில் மியூட்டர், ஆல்போர்ட் என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி இதைப் பற்றியது. இரண்டு பாஷைகள் அறிந்தவர்கள் முன்னால் எண்கள் ஒவ்வொன்றாக வரும். பின்னாலிருக்கும் வர்ணத்தைப் பார்த்து, இந்தப் பாஷையிலோ அந்தப் பாஷையிலோ எண்ணைச் சொல்லவேண்டும். பாஷை மாறும்போதெல்லாம் கொஞ்சம் தாமதம் ஏற்பட்டது, அதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் எங்கே என்றால், சிரமப்பட்டுக் கற்ற பாஷைக்கு மாறும்போது உண்டான தாமதத்தைவிட, நன்றாகத் தெரிந்த முதல் பாஷைக்குத் திரும்பும்போது உண்டான தாமதமே அதிகமாக இருந்தது. பலசாலியை அடக்கி வைக்க அதிக பலம் வேண்டும். அப்படி அடக்கப்பட்டவன் எழுந்திருக்கவும் நேரமாகும் என்று அவர்கள் இதற்குக் காரணம் கூறினார்கள். பகல் முழுவதும் காரியாலயத்தில் இங்கிலீஷ் பேசிவிட்டு வீடு திரும்பும் கனவான், சமையலறை வாசலில் நின்று கொண்டு, "அது... அந்த... அதைக் கொண்டா" என்று தடுமாறுகிறாரே, அவர் வேஷம் போடுகிறார் என்று அவருடைய மனைவி உடனே தீர்மானித்துவிட வேண்டாம். எத்தனையோ பேர் வேஷம் போடுவது உண்மைதான். ஆனால் எல்லாத் தடுமாற்றமும் வேஷமல்ல.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இரண்டு பாஷைகள் பேசுகிறவர்களுக்கு, ஒரே பாஷை பேசுகிறவர்களைக் காட்டிலும் வார்த்தை அடிக்கடி தொண்டையில் சிக்கிக் கொள்கிறது. ஆனால் ஆட்களின் பெயர்கள் விஷயத்தில் இந்த வித்தியாசம் இல்லை என்று கலிபோர்னியாவில் தாமர் கோலன் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் 2005-ஆம் ஆண்டில் எழுதினார்கள். காரணம் யோசித்தால் விளங்கும். பெயர் எந்தப் பாஷையில் பேசினாலும் ஒன்றேதான். ஆகையால் இரு பாஷைகளிலும் அது பழக்கத்தில் இருந்து கொண்டே இருக்கிறது. மற்ற வார்த்தைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரு நாளில் பேசும் பேச்சை இரண்டு பாஷைகளுக்குப் பங்கு போட்டால், ஒவ்வொரு வார்த்தைக்கும் பாதி உபயோகந்தான் கிடைக்கிறது. நடமாட்டம் குறைந்த ஒற்றையடிப் பாதையில் புல் முளைக்கிறது. பாதை அழிந்து போய்விடவில்லை; நடக்கத்தான் நேரமாகிறது.

நிற்க. எந்தத் திசையில் மொழிபெயர்ப்பது சுலபம்? 1994-ஆம் ஆண்டில் ஜூடித் க்ரோல் அம்மையாரும் ஸ்டூவர்ட் என்பவரும், டச்சு பாஷையைத் தாய்மொழியாகக் கொண்டு இங்கிலீஷும் நன்கறிந்தவர்களை வைத்துச் சோதித்தார்கள். இங்கிலீஷிலிருந்து தாய்மொழிக்கு வருவது சீக்கிரம் நடந்தது. தாய்மொழியிலிருந்து இங்கிலீஷுக்குப் போவது தாமதமாயிற்று. பிறகு வார்த்தைகளைக் கலந்து கொடுக்காமல், பழங்களெல்லாம் ஒரு பட்டியல், மிருகங்களெல்லாம் ஒரு பட்டியல் என்று இனம் இனமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தாய்மொழியிலிருந்து போகிறவர்களுக்கு இதனால் இன்னும் தாமதம் ஏற்பட்டது; தாய்மொழிக்கு வருகிறவர்களுக்கோ ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரே இனத்துப் பொருள்கள் மனத்தில் நெருக்கியடித்துக் கொண்டு நிற்பதால் இடைஞ்சல் உண்டாகிறது என்றால், தாய்மொழியிலிருந்து கிளம்புகிறவன் அந்தப் பொருள்களின் கூட்டத்துக்குள் நுழைந்து போகிறான் என்றுதானே அர்த்தம்? மற்றவனோ, சிறு வயதில் நெட்டுருப் போட்ட குறுக்கு வழியில் வந்து சேர்ந்துவிடுகிறான் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் இதை முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. பாஷை கைவந்தவர்கள் இரண்டு திசையிலும் பொருளின் வழியாகவே போகிறார்கள் என்று வாதித்தவர்களும் உண்டு. ஆனால் புதிதாகக் கற்கும் பிள்ளை விஷயத்தில் ஒன்று நிச்சயம்: தனக்குத் தெரிந்ததை வேற்றுப் பாஷையில் சொல்வது அவனுக்கு நெடும் பிரயாணம்.

பாதையே போடப்படாத இடமும் உண்டு. மகாகவி பாரதியார் 1904-ஆம் ஆண்டில் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் சேர்ந்து, இங்கிலீஷ்ச் செய்திகளைத் தமிழாக்குவதையே தினசரி வேலையாகச் செய்து வந்தவர். தமிழ்ச் சொல்லுக்கு அவரிடம் பஞ்சம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்பேர்ப்பட்டவரே 'மெம்பர்' என்பதற்குத் தமிழ் அகப்படாமல் அரைமணி நேரம் யோசித்த கதையைத் தாமே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். அவயவம், அங்கம், சபை, உறுப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து, அதிலிருந்து ஒரு வார்த்தை பண்ணிப் பார்த்தும் மனத்துக்குப் பொருந்தவில்லையாம்; கடைசியில் 'மெம்பர்' என்றே எழுதிவிட்டாராம். இப்பொழுது நாம் 'உறுப்பினர்' என்று ஒரு கணமும் யோசிக்காமல் சொல்கிறோம். 1916-ஆம் ஆண்டில் சேலத்தில் ராஜாஜி முதலியோர் தமிழில் விஞ்ஞானச் சொற்களை ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் கண்டதும், பிறகு அநேகர் அந்த வேலையைத் தொடர்ந்து செய்ததும் வீண் போகவில்லை. ஆனால் வார்த்தையைப் பண்ணி வைத்தால் மாத்திரம் போதாது. வாயில் நடமாட வேண்டும். 'ஒவ்வாமை' நம்மைக் கைவிட்டதற்குக் காரணம் அது மோசமான வார்த்தை என்பதல்ல. அதை நாம் பரீட்சைத் தாளில் எழுதியிருக்கிறோமே தவிர, நம் தாயாரிடம் ஒரு தடவையாவது பேசியதில்லை.

இவ்வளவு தூரம் எழுதியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் முடித்தால் நமக்கு மனம் நிம்மதிப்படாது.

சில வருஷங்களுக்கு முன் நம் பள்ளியில் பதினோராம் வகுப்பு விஞ்ஞானப் பிரிவில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். பத்தாம் வகுப்பு வரையில் கிராமத்திலே தமிழில் படித்தவன். தகப்பனார் தச்சு வேலை செய்கிறவர். இங்கே பாடமெல்லாம் இங்கிலீஷில். நாம் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், உதடு அசையும், சத்தம் வராது. இரண்டு விநாடி பார்ப்போம். "சரி, உட்கார். அடுத்தவன்!" என்போம். ஒரு நாள், நீர் ஆவியாகும்போது ஏன் குளிர்ச்சி உண்டாகிறது என்று இங்கிலீஷில் கேட்டோம். வழக்கம் போல் நின்றான். அன்று நமக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கெல்லாம் விஞ்ஞானம் எதற்கு?" என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொல்லிவிட்டோம். அதோடு நிற்காமல், தகப்பனாரை வரவழைத்து, பையனை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவதே நல்லது என்று யோசனையும் கூறினோம். அந்த மனிதர் கையைக் கட்டிக் கொண்டு, "நீங்கள் பார்த்துச் சொன்னால் சரிங்க, ஐயா" என்றார். பையன் தரையைப் பார்த்துக் கொண்டு நின்றான்.

இரண்டு நாள் கழித்து, மாலையில் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நடந்து வந்து கொண்டிருந்தோம். மூலையில் தண்ணீர்ப் பானை. பெருக்குகிற ஆயா ஒரு குவளை மொண்டு குடித்துவிட்டு, "இந்த வெய்யிலிலும் இந்தப் பானைத் தண்ணீர் மட்டும் எப்படித்தான் ஜில்லென்று இருக்கிறதோ!" என்றாள். பக்கத்தில் நின்ற அந்தப் பையன் சிரித்துக் கொண்டு, "பானைக்கும் வேர்க்கிறது, ஆயா! மண்பானையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நிறைய உண்டு. அதன் வழியாகத் தண்ணீர் வெளியே கசிந்து ஆவியாகிப் போகிறது. போகிற தண்ணீர் சும்மா போகாது. உள்ளே இருக்கிற சூட்டையும் பிடுங்கிக் கொண்டுதான் போகும். சூடு போய்விட்டால் மிச்சம் குளிர்ச்சிதானே?" என்றான்.

நாம் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டோம். நம் கேள்விக்கு நாமே எழுதிக் கொடுத்த விடை கூட இவ்வளவு தெளிவாக இல்லை. பொருள் அவனிடம் பூரணமாக இருந்தது. இங்கிலீஷ் வாசலுக்குப் போகும் பாதையில் மட்டும் இன்னும் முள் கிடந்தது. அதை நடந்து கடக்க அவனுக்குப் பத்து விநாடி வேண்டியிருந்தது. நாம் கொடுத்தது இரண்டு.

அன்று மாலையே தலைமையாசிரியரைக் கண்டு, பிரிவு மாற்றம் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டோம். பையனின் தகப்பனாருக்கும் சொல்லியனுப்பினோம். அது முதல் நம் வகுப்பில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து வரையில் எண்ணுவோம். பிள்ளை முதலில் தமிழில் சொல்லலாம். பிறகு அதையே இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இதனால் இங்கிலீஷ் கெட்டுவிடும் என்று சில நண்பர்கள் எச்சரித்தார்கள். இதுவரையில் கெட்டதாக நமக்குத் தெரியவில்லை. பெற்றோர்களும் வீட்டிலே இதைச் செய்து பார்க்கலாம். குழந்தை ஒரு வார்த்தைக்குத் திணறும்போது, நாம் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுத்துவிடாமல், சற்றுப் பொறுத்திருக்கலாம். "இது கூடத் தெரியாதா?" என்ற கேள்வியை மட்டும் எந்தப் பாஷையிலும் கேட்க வேண்டாம்.

முக்கியமான காரியம் ஒன்று பாக்கியிருந்தது. வகுப்பு முழுவதும் கேட்கத் திட்டியதற்கு, வகுப்பு முழுவதும் கேட்கவே பரிகாரம் செய்ய வேண்டுமல்லவா? மறுநாள் அந்தப் பையனை எழுந்திருக்கச் சொன்னோம். 'ஸாரி' என்ற வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. பஸ்ஸில் காலை மிதித்தாலும் சொல்கிறோம், தும்மினாலும் சொல்கிறோம். அதற்கு ஒரு கனமும் இல்லை. குழந்தைப் பிராயத்தில் கேட்ட ஏச்சுக்களைத் தாய்மொழியில் கேட்கும்போது உடம்பே அதிகமாகப் பதறுகிறது என்று, துருக்கி பாஷை பேசுகிறவர்களின் தோலில் கருவி பொருத்தி அளந்து 2003-ஆம் ஆண்டில் சிலர் எழுதியிருக்கிறார்கள். நாம் திட்டியது தமிழில். ஆகையால் திருப்பிச் சொல்வதையும் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாயைத் திறந்தோம். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

எத்தனை விநாடி ஆயிற்றோ தெரியாது. வகுப்பு நிசப்தமாக இருந்தது. பையன் நம் முகத்தையே பார்த்துக் கொண்டு, அவசரம் ஒன்றும் இல்லாதவனைப் போல் நின்றான். நாம் அவனுக்குக் கொடுக்காத அவகாசத்தை அவன் நமக்குக் கொடுத்தான்.

"நான் நினைத்தது தப்பு, தம்பி. மன்னித்துக்கொள்" என்று கடைசியில் வார்த்தை வெளியே வந்தது.